நூறு என்று வைத்த ரத்தம்

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் நலம். மூன்றாவது ஆளைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன மாதம் அனுப்பிய படத்தில் ஒட்டடைக்குச்சிக்குச் சட்டை மாட்டிவிட்டது போல நிற்கிறாய். தையல்காரி அக்கா இருந்தும் தம்பிக்குச் சட்டை தோளில் நிற்கவில்லை என்று கடையில் எல்லோரும் சிரித்தார்கள்.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஒரு அறை, ஒரு சமையலறை, இவ்வளவுதான் எங்கள் வீடு. என் மகளுக்குத்தான் பாம்புக்காது ஆயிற்றே. வாலுவைப் பற்றி அவளை வைத்துக்கொண்டே எப்படிப் பேசுவது?

ஆறு மாதமாக அவள் கையில் எதுவும் நிற்கமாட்டேன் என்கிறது. டம்ளரைப் போடுகிறாள், தட்டைப் போடுகிறாள். போன வருட நோட்டில் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. இந்த வருட நோட்டில் வரவரச் சிறுத்து, கோட்டை விட்டுக் கீழே இறங்குகிறது. பேச்சும் வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவது போல இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு, "பதினாறு வயசுல எல்லாத்துக்கும் வர்ற திமிருதான், கண்டிச்சு வைங்க" என்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

அவர் கையை நீட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், "சொந்தத்துல கல்யாணமா?" என்று கேட்டார். ஆமாம், அத்தை மகன்தான் என்றேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஈரல்ல செம்பு சேர்ற நோயா இருக்கலாம். ரிசல்ட் ரெண்டுங்கெட்டானா வந்திருக்கு. ஈரல்ல துளி கிள்ளிப் பார்த்தா உறுதியாத் தெரியும். இல்லேன்னா மாத்திரையை ஆரம்பிச்சிடலாம்" என்றார். அந்த மாத்திரை செம்பை வெளியேற்றுமாம். ஆரம்பத்தில் நடுக்கத்தை அதிகமாக்கினாலும் ஆக்குமாம். வாலு உட்கார்ந்தபடியே, "ஈரலைக் கிள்றதா? நான் என்ன ஆடா?" என்று கேட்டாள். டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

செத்துப்போன நம் கடைசித் தம்பி, சின்னவனும் முதலில் டம்ளரைத்தான் கீழே போட்டான். இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

ஆய்வகத்தில் செம்பு, இரும்பு, துத்தநாகம் என்று நாள்பூராவும் எண்ணிக்கொண்டிருக்கிற உத்தியோகம் உனக்கு. மாத்திரையை ஆரம்பிக்கட்டுமா, வேண்டாமா? நீ சொல்கிறபடி செய்கிறேன். உடனே பதில் எழுது.

உன் அக்கா


பிப்ரவரி 13

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். கேன்டீன் சாப்பாடு என்னை ஒன்றும் செய்யவில்லை, நானும் அதை ஒன்றும் செய்யவில்லை. முட்டிவலிக்குத் தைலம் போடுகிறாயா? நாள் முழுக்க மிஷினை மிதித்துவிட்டு அப்படியே படுத்துவிடாதே.

பயப்படாதே. ரெண்டுங்கெட்டான் முடிவை வைத்துக்கொண்டு மாத்திரை எழுதுகிற டாக்டரை எனக்குப் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் புரதத்தை மட்டும் அளக்கிறார்கள். நான் அந்தப் புரதத்தில் உட்கார்ந்திருக்கிற செம்பையே பார்க்கிறவன்.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். ரத்தத்தில் செம்பு பெரும்பாலும் தனியாகத் திரிவதில்லை, ஒரு புரதம் அதைச் சுமந்து போகிறது. இந்த நோய் இருந்தால் செம்பு ஈரலிலேயே தங்கிவிடும், புரதத்தில் ஏறாது, அதனால் ரத்தத்தில் குறைந்துபோகும். ரத்தம் உறைந்தபின் மேலே தெளிகிற மஞ்சள் நீரை நாங்கள் ஒரு மெல்லிய குழாய்க்குள் விடுவோம். புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து மறுமுனையில் வரும். வர வர அவற்றை ஒரு தீக்குள் தெளிப்போம். சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடான தீ. அதில் எல்லாம் அணு அணுவாகப் பிய்ந்துவிடும். அந்த அணுக்களை எடைவாரியாகப் பிரித்து, இந்தப் புரதத்தில் செம்பு இவ்வளவு என்று கருவி கோடு வரைந்து காட்டும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்று பெயர். எங்களுக்குள் தராசு என்போம்.

வாலுவின் ரத்தத்தை அனுப்பு. நர்ஸ் ஊதா மூடிக் குழாயை எடுத்தால் விடாதே. அதிலிருக்கும் மருந்து புரதத்திடமிருந்து உலோகத்தைப் பிடுங்கிவிடும். முதல் குழாயில் எடுப்பதைக் கொட்டிவிடச் சொல், ஊசியின் உலோகம் அதில்தான் வரும். இரண்டாவது குழாயில் தெளிந்த நீரை ஐஸ் பெட்டியில் வைத்து அத்தானிடம் கொடுத்துவிடு. அவர் ஓட்டுகிற பஸ் எங்கள் வாசல் வழியாகத்தானே போகிறது.

சின்னவனை இதில் இழுக்காதே. அவன் குடித்தான், குடித்துச் செத்தான். அது வேறு கதை.

வாலுவுக்கு மாமாவின் அன்பைச் சொல்.

உன் தம்பி


மார்ச் 1

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் இருக்கிறோம். உன் தைலத்தால் முட்டி தேவலை.

நீ சொன்னபடியே செய்தாயிற்று. நர்ஸ் எடுத்தது ஊதா மூடியேதான். கையைப் பிடித்துவிட்டேன். "நீங்க என்ன டாக்டரா?" என்றாள். "இல்லம்மா, டாக்டருக்கே பாடம் சொல்ற ஒருத்தனுக்கு அக்கா" என்றேன். முறைத்துக்கொண்டே வேறு குழாய் எடுத்தாள். உன் அத்தான் ஐஸ் பெட்டியைத் தன் இருக்கைக்குப் பக்கத்திலேயே வைத்து ஓட்டி வந்திருக்கிறார். "உள்ள என்னண்ணே, மீனா?" என்று வழியெல்லாம் கேட்டார்களாம். மனிதர் வாயே திறக்கவில்லை. உன்னிடமாவது இரண்டு வார்த்தை பேசினாரா?

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். வாங்கி மிஷின் டிராயரில் வைத்திருக்கிறேன். தினமும் ஒரு தடவை திறந்து பார்க்கிறேன், மூடுகிறேன். உன் வாய்வார்த்தை வந்தால்தான் அட்டையைப் பிரிப்பேன். நேற்று வாலு மாடிப்படியில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். சீக்கிரம் எழுது ராஜா.

உன் அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், நலம். மூன்று முறை எழுதக் காரணம் இருக்கிறது.

வாலுவுக்கு அந்த நோய் இல்லை.

மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், ஒரு உள்விஷயம் சொல்ல வேண்டும். உலோகம் புரதத்தில் கலையாமல் உட்கார்ந்திருக்கும் ரத்தம் கடையில் கிடைக்காது. அதனால் ஒப்பிட்டுப் பார்க்க ஒவ்வொரு ஆய்வகமும் நல்ல ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தைச் சிறு குப்பிகளில் உறைய வைத்திருக்கும். எங்கள் ஆய்வகத்தில் அந்த ஆரோக்கியசாலி யார் தெரியுமா? உன் ஒட்டடைக்குச்சிதான். ஆறு வருடம் முன்பு நானே கையை நீட்டினேன். காலையில் கருவியை எழுப்பியதும் முதலில் என் ரத்தத்தைத்தான் ஓட்டுவோம். அதில் வரும் செம்பை நூறு என்று வைத்துக்கொண்டு மற்றதைக் கணக்கிடுவோம். நாங்கள் ஆராய்வது மாட்டு ரத்தமும் மீன் ரத்தமும், மனித ரத்தம் என்றால் அது என்னுடையது ஒன்றுதான்.

வாலுவின் கோட்டை என் கோட்டின்மேல் வைத்தேன். எனக்கு நூறு, அவளுக்குத் தொண்ணூற்றேழு. இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே கோடாகிவிட்டன. மாமனும் மருமகளும் அச்சு அசல். எனக்கு நாற்பத்தொரு வயது. எந்த நோயுமில்லாமல் நடமாடுகிறேன். அவளுக்கு மட்டும் என்ன வரப்போகிறது? ஆஸ்பத்திரி அளவு அப்படித்தான் கொஞ்சம் குறைத்துக் காட்டும்.

மாத்திரை வேண்டாம், ஈரலைக் கிள்ளவும் வேண்டாம். வளர்கிற வயதுக் கோளாறு, மனசில் ஏதாவது இருக்கும், பேசிப் பார். நீயும் நிம்மதியாக இரு.

உன் தம்பி


மார்ச் 27

என் தங்கத் தம்பிக்கு,

நீ நூறு வயது இருக்க வேண்டும். உன் கடிதத்தைக் கடையிலேயே பிரித்துப் படித்துவிட்டு, பாதி தைத்த பாவாடையில் முகத்தை வைத்து அழுதேன். முதலாளியம்மா யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து எனக்கு அரைநாள் லீவு கொடுத்துவிட்டாள்.

உன் அத்தான் படித்தார். குளிக்கப் போனார். அரைமணி நேரம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தார். எனக்குத் தெரியாதா என்ன?

மாத்திரையை மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்தேன். டாக்டரிடம் போய்ச் சொன்னதும் அவர் முகம் மாறியது. "உங்க தம்பி மனுஷங்களுக்குப் பரிசோதனை பண்றவரா? இதுல அவசரப்பட வேணாம்மா" என்றார். உங்கள் அளவைவிட அவன் அளவு நுணுக்கமானது என்று பட்டென்று சொல்லிவிட்டேன். என் நாக்கைத்தான் உனக்குத் தெரியுமே. "எப்ப வேணாலும் வாங்க" என்று மட்டும் சொன்னார்.

வாலுவிடம் சொன்னேன். "அப்ப நான் ஆடு இல்லைனு மாமா சொல்லிட்டாரா?" என்று கேட்டாள். கேட்டது எனக்கு மட்டும்தான் புரிந்தது, பக்கத்தில் இருந்தவர்களுக்குப் புரியவில்லை. சரியாகிவிடும். நீ சொல்லிவிட்டாயே.

பாலாவது குடி. உடம்பில் கொஞ்சம் சதை போடட்டும்.

உன் அக்கா


ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? இரண்டு மாதத்துக்கு மேலாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வேலை அதிகம் போலிருக்கிறது.

வாலு பரீட்சையில் தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தாள். பேனாவைப் பிடிக்க முடியவில்லை என்றாள். இப்போது பள்ளிக்கூடம் போவதில்லை. வாயோரம் எச்சில் வடிகிறது, அவளாகத் துடைத்துக்கொள்வதில்லை. திடீரென்று சிரிக்கிறாள், கேட்டால் தெரியாது என்கிறாள். மனநல டாக்டரிடம் நாலு தடவை போயாயிற்று. பேசுகிறார், எழுதிக்கொள்கிறார், அனுப்பிவிடுகிறார்.

போன செவ்வாய்க்கிழமை வாடிக்கையாளரின் பட்டுத்துணிமேல் குழம்பைக் கொட்டினாள். நான் அவளை அடித்துவிட்டேன், தம்பி. கன்னத்தில். பதினாறு வருடத்தில் முதல் அடி. அவள் அழவில்லை. "கை கேட்கலம்மா" என்றாள். நான் இன்னும் சாப்பாட்டில் கையை வைத்தால் அந்தக் கன்னம்தான் தெரிகிறது.

உன்மேல் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. இன்னொரு தடவை ரத்தம் அனுப்பட்டுமா? இல்லை, அந்த டாக்டரிடமே திரும்பப் போகட்டுமா? வெட்கமாக இருந்தாலும் போகிறேன்.

உன் அக்கா


ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மூன்று தடவை ஓட்டிய ரத்தத்தை நாலாவது தடவை ஓட்டினால் வேறு முடிவு வராது. எண் பொய் சொல்லாது அக்கா. நீ திரும்ப அந்த டாக்டரிடம் போனால் அவர் ஈரலைக் கிள்ளாமல் விடமாட்டார். வாலுவுக்குச் செல்லம் அதிகம். அடித்ததற்காக இவ்வளவு உருகத் தேவையில்லை. சின்னவனுக்கும் ஆரம்பத்திலேயே யாராவது இரண்டு போட்டிருந்தால் பாட்டில் பக்கம் போயிருக்க மாட்டான்.

இங்கே மூச்சுவிட நேரமில்லை. வேறொரு நாட்டு ஆய்வகமும் நாங்களும் அவரவர் ரத்தக் குப்பிகளை மாற்றி அனுப்பி, இரண்டு தராசும் ஒரே மாதிரி அளக்கின்றனவா என்று பார்க்கப்போகிறோம். அவர்கள் மனித ரத்தம் நிறையப் பார்த்தவர்கள். என் ரத்தம் என்னைவிட முந்திக்கொண்டு விமானம் ஏறிவிட்டது. முடிந்ததும் விவரமாக எழுதுகிறேன்.

உன் தம்பி


ஜூலை 29

அக்கா,

இந்தக் கடிதம் கிடைத்த நிமிடமே வாலுவைக் கூட்டிக்கொண்டு அந்த நரம்பு டாக்டரிடம் போ. மாத்திரையை இன்றே ஆரம்பிக்கச் சொல். ஈரலைப் பார்க்க வேண்டும் என்றால் பார்க்கட்டும்.

நான் சொன்னது தப்பு. வாலுவின் அளவில் தப்பில்லை. அவளை எதோடு வைத்துப் பார்த்தேனோ அதுதான் தப்பு. என் ரத்தம் போன இடத்திலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. சாதாரண மனிதனுக்கு இருக்க வேண்டிய செம்பில் கால்பங்குகூட இதில் இல்லை, இது எந்த நோயாளியிடம் எடுத்தது என்று கேட்டிருக்கிறார்கள். நேற்றுத்தான் தெரிந்தது.

டாக்டர் நம்ப வேண்டுமே என்று அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். அப்படியே அவர் கையில் கொடுத்துவிடு.

நீ போன் செய்ததைப் பார்த்தேன். எடுக்க முடியவில்லை. இதை வாயால் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

சீக்கிரம் போ அக்கா.

தம்பி


ஆகஸ்ட் 8

தம்பிக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் கடிதம் இரண்டாம் தேதி வந்தது. அதற்கு முன்பே நாங்கள் இங்கே வந்துவிட்டோம். ஜூலை இருபதாம் தேதி அவள் கண் மஞ்சளாகிவிட்டது. இருபத்தாறாம் தேதி வயிறு வீங்கிவிட்டது. அவசரத்துக்குக் கொண்டுவந்த இந்த ஆஸ்பத்திரியில் மஞ்சள் காமாலை என்றே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் தாளைக் காட்டிய பிறகுதான் நரம்பு டாக்டரை வரவழைத்தார்கள். மாத்திரை அன்றைக்கே ஆரம்பித்தாயிற்று. அந்த மாத்திரை வேலை செய்ய மாதக்கணக்காகுமாம். ஈரலுக்கு அவ்வளவு நாள் இல்லை என்கிறார். மாற்று ஈரலுக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம்.

நரம்பு டாக்டர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, தம்பி. வராது. என் அளவு நாடா இழுபட்டு நீண்டு போயிருந்தால் ஊரே எனக்கு ஒல்லியாகத்தான் தெரியும். அதற்கு நாடாவை அடித்து என்ன ஆகப்போகிறது? நீ வேண்டுமென்றா செய்தாய்?

அதைவிட எனக்கு வேறொரு கவலை. அது உன் ரத்தம்தானே? அப்படியென்றால் உனக்கும் இருக்கிறது. உடனே போய்க் காட்டு. நாளை, நாளை மறுநாள் என்று தள்ளாதே. எனக்கு மிச்சமிருக்கிறவன் நீதான்.

நேற்று வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது திடீரென்று உறைத்தது. நம் சின்னவன் குடிக்கவே இல்லையடா. கை ஆடியது, கால் பின்னியது, நாக்கு குழறியது. வாயை ஊதச் சொல்லிப் பார்க்க ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. பாட்டில் என்று எல்லோரும் சொன்னோமே, எந்தப் பாட்டிலை யார் பார்த்தோம்?

அக்கா


ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க வாய் கூசுகிறது. அத்தானிடம் போனில் கேட்டுக்கொள்கிறேன். அவர், "அப்படியேதான் இருக்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்.

நீ சொன்னபடி காட்டினேன். எனக்கும் அதேதான். எனக்கு மெதுவாக வந்திருக்கிறது, சிலருக்கு அப்படி வருமாம். ஈரல் இன்னும் கெடவில்லை, சரியான நேரத்தில் கண்டுபிடித்தீர்கள் என்று டாக்டர் கைகுலுக்கினார். அந்தக் கையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? வாலுவுக்கு என் ஈரலில் பாதியை அறுத்துக் கொடுக்கலாமா என்று கேட்டேன். அதுவும் செம்பு ஏறிய ஈரல்தானே, ஆகாது என்றார்கள்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. சின்னவன் கடைசியாக என் அறைக்கு வந்தபோது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அண்ணே, நான் குடிக்கல, என்னை எங்கயாவது காட்டு" என்றான். குழறலில் எனக்குப் பாதிதான் புரிந்தது. அறைந்தேன். பையைத் தூக்கி வெளியே வைத்துக் கதவைச் சாத்தினேன். பன்னிரண்டு நாள் கழித்து அவன் இறந்த செய்தி வந்தது. நீ பிப்ரவரியில் எழுதியபோதே இந்தக் கணக்கைப் போட்டுவிட்டேன். வாலுவுக்கு இந்த நோய் என்றால் அவனுக்கும் இதே நோய். அவன் குடிகாரன் இல்லை என்றால் நான் யார்? வாலுவின் கோடு என் கோட்டில் ஒட்டியபோது நான் அவளுக்காக மட்டும் சந்தோஷப்படவில்லை. அதனால்தான் வேறு யாருடைய ரத்தத்தோடும் வைத்துப் பார்க்கவில்லை. பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டிருந்தால் கையை நீட்டியிருப்பார்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் அக்கா. இனி மறைக்க என்னிடம் எதுவும் இல்லை.

தினமும் வெறும் வயிற்றில் மாத்திரை. சில காலைகளில் அதைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்துவிடுகிறேன். விழுங்க மனம் வரவில்லை.

உன் தம்பி


செப்டம்பர் 16

மைத்துனருக்கு,

குழந்தை பதினான்காம் தேதி காலை போய்விட்டாள். மாற்று ஈரல் கிடைக்கும் முறை வரவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது. உன் அக்கா பேசுவதில்லை, சாப்பிடுகிறாள். நீ வருவதாகச் சொன்னாய். கொஞ்ச நாள் போகட்டும். உடம்பைக் கவனி.

அத்தான்


நவம்பர் 30

தம்பிக்கு,

நலம் விசாரிப்பைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

வாலு போனபிறகு நீ எழுதிய நான்கு கடிதங்களும் வந்தன. இப்போதுதான் பேனா எடுக்கிறேன். போன வாரம் ஆஸ்பத்திரியில் வாலுவின் ஃபைலைக் கொடுத்தார்கள். அதில் நீ அனுப்பிய தாளும் இருந்தது. அதன் மொழி எனக்குத் தெரியாது. மேல் மூலையில் இருந்த முத்திரை உங்கள் ஆய்வகத்துடையது. "பெறப்பட்டது" என்று போட்டிருந்தது. ஜூலை 3.

நீ எழுதியது ஜூலை 29. நேற்றுத்தான் தெரிந்தது என்று எழுதியிருந்தாய்.

ஜூலை மூன்றாம் தேதி நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்தேன். பள்ளிச் சீருடை தைக்கிற நாட்கள். வாலு என் காலடியில் உட்கார்ந்து பட்டன் எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பட்டன் கீழே விழுந்தன. தானே குனிந்து பொறுக்கினாள். மிஷினைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்தாள். பத்தாம் தேதி உனக்குப் போன் செய்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. பதினெட்டாம் தேதியும் செய்தேன். இருபதாம் தேதி கண் மஞ்சளானது.

டாக்டரிடம் கேட்டேன். "ஒரு மாசம் முன்னாடி ஆரம்பிச்சிருந்தா?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொழச்சிருக்கலாம்மா. பொழைக்காமலும் போயிருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது." இனி நான் இந்த ரெண்டுங்கெட்டான் பதிலோடுதான் படுத்து எழ வேண்டும்.

நீ தப்பாக அளந்ததை நான் அப்போதே விட்டுவிட்டேன். சின்னவனை அறைந்ததையும் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது, நானும் ஒரு கன்னத்தில் அறைந்தவள்தான். தப்பு என்று தெரிந்த பிறகு இருபத்தாறு நாள் நீ என்ன செய்தாய் என்று கேட்கமாட்டேன். கேட்டால் நீ ஏதாவது சொல்வாய். அது எனக்குப் புரிந்தும்விடும். புரிய வேண்டாம் என்று பார்க்கிறேன்.

உன் அத்தானுக்கு இது தெரியாது. அந்த மூலையைக் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டேன். தெரிந்தால் அவர் உன்னை மன்னித்துவிடுவார். அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை.

இனி எழுதாதே. வரவும் வேண்டாம்.

இப்போது நலம் விசாரிப்பு. மாத்திரையை விழுங்க மனம் வரவில்லை என்று எழுதியிருந்தாயே, அந்தக் கதையெல்லாம் என்னிடம் வேண்டாம். விழுங்கு. ஒரு நாள்கூடத் தவறாமல் விழுங்கு. உனக்காக டாக்டரிடம் கேட்டேன். ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள் எழுபது, எண்பது வயதுவரை நினைவு தப்பாமல் இருப்பார்களாம்.

இரு. அத்தனை வருடமும் இரு.

அக்கா